ரோபோ ஆபரேஷனுக்குப் பணம் கட்டும் முன், எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா என்று கேளுங்கள்

அப்பாவுக்கு மலத்தோடு ரத்தம் போனதை ஆறு மாதம் மூலம் என்றே நினைத்திருந்தோம். கொலோனோஸ்கோப்பி செய்தபோது மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆசனவாயிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் கட்டி. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம்.

டாக்டர் பேசியது பத்து நிமிடம். மீதியெல்லாம் பேக்கேஜ் பேசும் அலுவலர்தான். "ரோபோட்டிக் சார், சின்னச் சின்னத் துளைதான். வயித்தைக் கிழிக்கவே வேண்டாம், நாலாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். நாலரை லட்சம். அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டினோம். சி.டி. ஸ்கேன் மட்டும் எடுத்து அந்த வாரமே தேதி குறித்தார்கள்.

ஆபரேஷன் பாதியில், இடுப்புக்குள் இடம் குறுகல், வயிற்றைத் திறக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். திறந்ததைக் குற்றம் சொல்லவில்லை. மலக்குடல் புற்றுநோயாளிகள் 471 பேரை வைத்து நடந்த ரோலார் ஆய்வில் (2017) ரோபோவில் 8.1 சதவீதம் பேருக்கும், ரோபோ இல்லாமல் துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் 12.2 சதவீதம் பேருக்கும் அப்படித் திறக்க நேர்ந்தது. அந்த வித்தியாசத்தை உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே அதன் முடிவு. பிறகு ஏன் எங்களிடம் "வேண்டவே வேண்டாம்" என்றார்கள்?

கண் விழித்த அப்பாவின் வயிற்றில் மலப்பை, வயிற்றில் போட்ட துளை வழியே வரும் மலத்தைப் பிடிக்க ஒட்டும் பை. அதையும் யாரும் முன்னால் சொல்லவில்லை. நோயாளியை உட்கார வைத்து, நிற்க வைத்துப் பார்த்து, பை வரும் இடத்தைப் பேனாவால் குறிக்க வேண்டுமாம். குறிக்காததால் வேட்டி கட்டும் மடிப்பிலேயே பை. இறுக்கினால் கசிகிறது, தளர்த்தினால் வேட்டி நழுவுகிறது. லுங்கியை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு உள்ளறையிலேயே இருக்கிறார், வாசலுக்கு வருவதில்லை.

அப்புறம் பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. வெட்டிய விளிம்பிலிருந்து 1 மி.மீ.க்குள் புற்று செல்கள், அதாவது உள்ளே மிச்சம் இருக்கலாம். அதை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனபோது அங்கிருந்த டாக்டர் முதலில் கேட்டது, "ஆபரேஷனுக்கு முந்தின எம்.ஆர்.ஐ. எங்கே?"

எடுக்கவே இல்லை. வெட்டப்போகும் விளிம்பைக் கட்டி எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று காட்டுவது அதுதான். நெருங்கியிருந்தால் முதலில் ஐந்து வாரம் கதிர்வீச்சும் கீமோ மாத்திரையும், கட்டி சுருங்கியபின் ஆபரேஷன். துளையா, கிழிப்பா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். கதிர்வீச்சை ஆபரேஷனுக்குப் பின்னால் கொடுப்பதைவிட முன்னால் கொடுத்தால் அதே இடத்தில் நோய் திரும்புவதும் பக்கவிளைவும் குறைகிறது என்று 2004-லேயே ஜெர்மன் ஆய்வு காட்டிவிட்டது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால், எம்.ஆர்.ஐ.யைப் பார்த்து அறுவை, கதிர்வீச்சு, கீமோ டாக்டர்கள் மூவரும் கூடிப் பேசினார்களா என்று கேளுங்கள். சங்கடப்படாதீர்கள். அதற்கு முன் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

அப்பாவுக்குக் கதிர்வீச்சு இப்போதுதான் நடக்கிறது. இன்னும் 11 நாள் பாக்கி.