நிலம் வாங்கியவர்களே நடத்தும் ஒருநாள் பயிற்சி: இராமநாதபுரத்தில் எப்படி இருக்கிறது?

இராமநாதபுரத்தில், நிலத்தில் பணம் போட்டு அனுபவப்பட்ட சிலர் சேர்ந்து புதிதாக இறங்குவோருக்கு நடத்தும் ஒருநாள் பயிற்சிக்கு மதியச் சாப்பாடு உட்பட 1,500 ரூபாய் வாங்குகிறார்கள். காலையில் திருமண மண்டப மாடியில் பேச்சு. சாப்பாட்டுக்குப் பிறகு வேனில் சேதுக்கரைப் பக்கம் போய் நிலம் பார்த்தல். கொடுத்த பணம் பிற்பகலிலேயே ஈடாகிவிடுகிறது. காலை நேரத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

காகிதத்தையும் தரையையும் ஒரே நேரத்தில் வாசிக்கப் பழக்குவதுதான் பிற்பகலின் சிறப்பு. கருவேலங்காட்டுக்குள் நிறுத்தி, நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் புல வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கவைத்து, அதிலுள்ள மீட்டர் அளவுப்படி நாடா பிடித்து எல்லைக் கல்லைத் தேடச் சொல்கிறார்கள். கல் கிடைக்காத மூலையில் நிற்கும்போது, கட்டணம் கட்டி அரசு நில அளவரை வரவழைக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பது நன்றாகவே உறைக்கிறது. வளைகுடாவில் சம்பாதித்ததை நிலத்தில் போட்ட கீழக்கரைப் பெரியவர் ஒருவர் பலர் பெயரில் உள்ள கூட்டுப் பட்டா ஒன்றைக் காட்டி, "விலையை அப்புறம் பேசலாம் தம்பி, பங்காளிக எத்தனை பேரு, அதுல எத்தனை பேரு ஊர்ல இருக்காகன்னு முதல்ல கேளுங்க" என்றார். வெளிநாட்டில் இருப்பவருக்காக இன்னொருவர் 'பவர்' எனப்படும் அதிகாரப் பத்திரத்தைக் காட்டி விற்க வந்தால், எழுதிக்கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, பத்திரம் ரத்தாகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதையும், அதிகாரப் பத்திரத்தைக் கைமாற்றுவதால் மட்டும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்ததையும் அவர் சேர்த்தே விளக்கினார்.

கடலோரத்துக்கே உரிய சங்கதிகளும் விடுபடவில்லை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தக்கூடும் என்பதால், கடல் தெரியும் மனையில் வீடு கட்ட முடியுமா என்பதைப் பட்டா சொல்லாது. கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் சர்வே எண்ணைத் தேடித்தான் அறிய வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை எல்லோரையும் ருசி பார்க்கச் சொன்னார்கள், கரித்தது. கோடையில் பார்த்த நிலத்தை ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு முறை பார்க்காமல் கிரயம் பேசாதீர்கள் என்றார்கள். கண்மாய்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில், கருவேலம் மூடிய பள்ளம் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் என்பது மழை பெய்தால்தான் வெளியே தெரிகிறது.

காலை நேரத்தில் தாய்ப்பத்திரம் (நிலத்தின் முந்தைய உரிமைப் பத்திரம்), வில்லங்கச் சான்று (நிலத்தின் மீது பதிவான விற்பனை, அடமான விவரம்) பற்றிய பகுதி பழுதில்லை. லாபக் கணக்குதான் ஒப்பேற்றல். பலகையில் ஐந்தே ஆண்டில் இரட்டிப்பான தொகையில், முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் கழிக்கப்படவில்லை. புரோக்கர் கமிஷனும் கருவேலம் வெட்டி வேலி போடும் செலவும் கணக்கிலேயே இல்லை. விற்கும்போது வரும் மூலதன ஆதாய வரி 2024 ஜூலை 23 முதல் மாறியிருப்பதை, நீண்டகால ஆதாயத்துக்கு இப்போது 12.5 விழுக்காடு என்பதை, யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. விவசாய நிலத்தைத் துண்டுபோட்டு 'பண்ணை நிலம்' என்று விற்பதைப் பற்றி ஒரு பெண்மணி கேட்டதற்கு மழுப்பலான பதிலே கிடைத்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரெராவில் (மனை, வீட்டு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தில்) பதிவாக வேண்டும் என்பதையாவது அங்கே சொல்லியிருக்கலாம். தேநீர் இடைவேளையில் "விமான நிலையம் வருகிறது" என்ற கொட்டை எழுத்துடன் மனை விளம்பரத் தாள் கைக்கு வந்தபோது காரணம் விளங்கியது: கற்றுத்தருவோரில் சிலர் விற்பவர்களும்கூட. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நாணயம்.

முதல் மனை வாங்கப்போகிறவர்கள் தாராளமாகப் போகலாம், அந்த விளம்பரத் தாளை மடித்து வைத்துவிட்டு. ஓரிரு கிரயம் முடித்தவர்களைப் பிற்பகலுக்கு மட்டும் பாதிக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். வாங்க நினைக்கும் நிலத்தின் சர்வே எண்ணைக் கையோடு கொண்டுபோனால், திரும்பும் வழியில் வேனிலேயே அதன் பட்டாவையும், கிராமத்து நில விவரங்கள் அடங்கிய 'அ' பதிவேட்டையும் திறந்து, புறம்போக்கா, கோயில் நிலமா, வக்ஃப் நிலமா என்று பார்த்துச் சொல்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை.