வேல்ஸ் நடைப்பயணம்: வழிகாட்டிக்குக் காசு மலையிலா, கடற்கரையிலா?

வேல்ஸில் ஒரு வாரம் நடக்கத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்கு நடுவில்தான் குழம்புகிறார்கள். வடக்கே ஸ்னோடோனியா மலைகள், தென்மேற்கே பெம்புரோக்‌ஷயர் கடற்கரை. இரண்டையும் ஒரே வாரத்தில் காட்டுகிறோம் என்று விற்கும் மூன்றாவது வகையும் உண்டு. வழிகாட்டியோடு போனால் செலவு கணிசமாகக் கூடும். என்னைக் கேட்டால், அந்தக் காசை மலையில் கொடுக்கலாம், கடற்கரையில் மிச்சம் பிடிக்கலாம்.

ஸ்னோடோனியாவிலேயே உயர்ந்த மலையான ஸ்னோடனின் உயரம் 1,085 மீட்டர்தான். 1896 முதல் மலையடி ஊரான லான்பெரிஸிலிருந்து உச்சிக்கு ரயிலே போகிறது. இதையெல்லாம் கேட்டுவிட்டு, சாதாரண ஷூவும் மெல்லிய ஜாக்கெட்டுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நேரே வந்து முட்டும் மலை இது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூட்டம் இருக்கும். உச்சியிலிருந்து இறங்கி வரும்போது ஒரு கணவாயில் உயரமான கல் ஒன்றை நட்டு வைத்திருக்கிறார்கள். பென்-இ-பாஸ் கார் நிறுத்தத்திலிருந்து ஏறிவரும் பிக் பாதையில் இறங்குகிறவர்கள் அங்கேதான் வலப்பக்கம் திரும்ப வேண்டும். மூட்டத்தில் அந்தக் கல்லைக் கவனிக்காமல் போனால், கார் பென்-இ-பாஸில் நிற்க, நீங்கள் லான்பெரிஸில் போய் இறங்குவீர்கள். சரி, அங்கிருந்து பஸ் பிடித்துக்கொள்ளலாம். ஏறும்போது வழி தவறுவதுதான் ஆபத்து. அதே பிக் பாதையில் கிரிப் கோச்சுக்கு ஒரு வழி பிரிகிறது. தெரியாமல் அதில் ஏறிவிட்டால், இரண்டு பக்கமும் சரிந்து விழும் கத்திமுனைப் பாறை விளிம்பில் போய் நிற்க வேண்டியதுதான்.

இங்கே வழிகாட்டி வாங்கும் காசு நியாயமானது. ‘மவுண்டன் லீடர்’ தகுதி உள்ளவரா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பனிக்காலத்துக்குத் தனித் தகுதி இருக்கிறது. நல்ல வழிகாட்டி என்றால் கோடை நெரிசலில் லான்பெரிஸ் பாதைப் பக்கமே போகாமல், மேற்கே ரித்-தீ பாதையில் கூட்டிப்போவார்.

பெம்புரோக்‌ஷயர் விஷயம் வேறு. 1970-இல் திறந்த 299 கிலோமீட்டர் பாதை. வழிகாட்டும் ஓக் கொட்டைச் சின்னம் வழிநெடுக இருக்கிறது. கடலை ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு நடந்தால் போதும். சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு குடாவுக்கும் இறங்கி மறுபடி ஏற வேண்டியிருப்பதால், முழுப் பாதையிலும் சேரும் ஏற்றம் 10,000 மீட்டரைத் தாண்டும். ஆனால் அதற்கு வேண்டியது முழங்கால், வழிகாட்டி இல்லை. ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவைக்குக் கொடுங்கள். அதன் அருமை இரண்டாம் நாள் மதியம் தெரியும். ஒரு வாரத்தில் முழுவதையும் முடிக்கப் பார்க்காமல், செயின்ட் டேவிட்ஸிலிருந்து வடக்கே ஸ்ட்ரம்பிள் ஹெட் வரை நடங்கள். கடல் புகுந்து நீலமாகத் தேங்கிய அபெரெய்டி சிலேட் குவாரி, போர்த்கைன் துறைமுகத்துப் பழைய செங்கல் கட்டடங்கள் எல்லாம் இந்தப் பகுதியில்தான்.

தெற்கே போகிறவர்கள் மட்டும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். டேல் பக்கம் இரண்டு கழிமுகங்களை நீர் வற்றும் நேரத்தில்தான் கடக்க முடியும். தவறினால் நீண்ட சுற்று. காசில்மார்ட்டினில் ராணுவம் சுடும் பயிற்சி நடத்தும் நாட்களில் பாதையை மூடிவிடுவார்கள். இரண்டுக்கும் அட்டவணை கிடைக்கிறது. பறவை பார்க்க ஆசை என்றால், வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை வைத்து ஸ்கோமர் தீவுக்குப் படகேறுங்கள். மே, ஜூனில் போனால் பஃபின்கள் காலடியிலேயே நடமாடும்.

தனியாக வருகிறவர்களுக்குக் குழுவில் பேச்சுத்துணை கிடைக்கும் என்பது உண்மைதான். அதற்காகவே கடற்கரையிலும் குழுவோடு போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

மூன்றாவது வகையில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஸ்னோடோனியாவிலிருந்து பெம்புரோக்‌ஷயருக்கு வளைந்து வளைந்து போகும் சாலையில் பாதி நாள் வேனிலேயே கழியும். மலையும் கடலும் சேர்ந்தே வேண்டும் என்றால் வடக்கிலேயே தங்கி, பக்கத்து லீன் தீபகற்பத்தில் இரண்டு நாள் நடக்கும் திட்டமாகத் தேடுங்கள். அபெர்டாரோனுக்கு மேற்கே நிலம் முடியும் முனையில் நின்றால் எதிரே பார்ட்ஸி தீவு தெரியும்.

அப்புறம், ஸ்னோடனுக்குச் சொந்தக் காரில் போகிறவர்கள் பென்-இ-பாஸ் நிறுத்தத்தில் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். கோடையில் மலையைச் சுற்றி ஓடும் ஷெர்பா பஸ்ஸே உத்தமம்.