கிராண்ட் டிசைன்ஸ்: பழைய கட்டடம் வர்ற எபிசோடுங்கள தேடிப் பிடிச்சு பாருங்க

ஒரு மாசமா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் எங்க வீட்ல கிராண்ட் டிசைன்ஸ் தான் ஓடுது. இங்கிலாந்து சேனல் ஃபோர்ல 1999-ல ஆரம்பிச்ச சீரிஸ், முதல் எபிசோடுலேந்தே நடத்துறவர் கெவின் மெக்ளவுட். யாரோ ஒருத்தர் சொந்தமா வீடு கட்ட கிளம்புவாங்க, இல்லன்னா இடிஞ்சு கெடக்குற எதையாவது வாங்கி வீடா மாத்தப் பாப்பாங்க, இவர் முதல் நாள் போய் பிளான் பாப்பார், நடுநடுவுல சைட்டுக்கு வந்து எட்டிப் பாப்பார், கடைசில முடிஞ்ச வீட்டைச் சுத்திப் பாத்துட்டு மனசுல பட்டத சொல்லுவார். பாக்க ஒரு மணி நேரம் கூட ஆகாது, ஆனா அதுக்குப் பின்னாடி சில சமயம் வருஷக்கணக்குல ஷூட்டிங் இருக்கு. அந்தப் பொறுமைக்காகவே இந்த டீமுக்கு என் மரியாதை.

புது வீடு எபிசோடுங்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பத்து பாத்தா ஒரே பெரிய கண்ணாடிப் பெட்டியா தெரிய ஆரம்பிச்சிருது. பழைய கட்டடம் வந்தா கதையே வேற. அங்க நாம நினைச்சத பண்ண முடியாது, பாதுகாக்கணும்னு அரசாங்கப் பட்டியல்ல இருக்குற கட்டடம்னா ஒரு ஜன்னல் மாத்தக்கூட அனுமதி வாங்கணும், கட்டடம் விடுற வழில தான் போகணும்.

எனக்குப் பிடிச்சது லண்டன் கென்னிங்டன் வாட்டர் டவர், 2012-ல வந்தது. விக்டோரியா காலத்து செங்கல் டவர், பக்கத்துல இருந்த லாம்பெத் ஏழைகள் விடுதிக்கு தண்ணி குடுக்கக் கட்டினது, சின்ன வயசு சார்லி சாப்ளின் இருந்த அதே விடுதி. உச்சில இருக்குற பழைய தண்ணித் தொட்டிய தூக்கிப் போடாம அதையே லண்டனைச் சுத்திப் பாக்குற ஒரு ரூமா ஆக்கிட்டாங்க. லிஃப்ட்டுக்கு வெளில தனியா ஒரு ஷாஃப்ட், கீழ ஒட்டி கண்ணாடில ஒரு கூடம். பழைய செங்கல் மாதிரியே ஒரு செங்கல் செஞ்சு ஒட்டி மறைக்கவே இல்ல, இது பழசு இது புதுசுன்னு கண்ணுக்குத் தெரியுது. இந்த யோசனைக்கு அங்க பெரிய வரலாறே இருக்கு, கவிஞரும் டிசைனருமான வில்லியம் மோரிஸ் 1877-லயே பழைய கட்டடங்களைக் காப்பாத்த ஒரு சங்கம் ஆரம்பிச்சு, பழசு மாதிரி போலி பண்ணாதீங்க, பழுது மட்டும் பாருங்கன்னு கத்தினவர்.

இன்னொன்னு சுண்ணாம்பு. பழைய வீடு வர்ற எபிசோடுங்கள்ல இந்தப் பேச்சு அடிக்கடி வரும். அந்தக் காலத்து தடிச்ச சுவர் ஈரத்த உறிஞ்சும், திரும்ப வெளில விட்டுரும், சுண்ணாம்புப் பூச்சு அதுக்கு வழி விடும், மேல சிமெண்ட் பூசிட்டா ஈரம் உள்ளயே மாட்டிக்கும். இதக் கேட்டதும் எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. தேவகோட்டைல எங்க தாத்தா வீட்டு முகப்புச் சுவர்ல லேசா காரை பெயர்ந்திருக்குன்னு சொல்லி நாங்களே கொத்தனார வச்சு சிமெண்ட் பூசினோம், ரெண்டே மழைல முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிருச்சு, விரல் வச்சு அழுத்தினா பூச்சு பப்படம் மாதிரி உடையுது, உள்ள செங்கல் மாவா கொட்டுது. மழை மேல பழி போட்டுட்டு இருந்தோம், தப்பு எங்களோடது.

கம்மி செலவுலயும் பண்ணலாம்னு காட்டுறது பென் லா எபிசோடு, 2003. சசெக்ஸ் காட்டுலயே வருஷக்கணக்கா தங்கி மரவேலை செஞ்சவர், அந்தக் காட்டு செஸ்ட்நட் மரத்த அறுக்காம உருண்டையாவே நிறுத்தி, சுவருக்கு வைக்கோல் கட்டு அடுக்கி, கூரைக்கும் மரச் சில்லு வேஞ்சு, சுமார் 28,000 பவுண்டுல முடிச்சார். நிறைய பேர் சும்மா வந்து கை குடுத்தாங்க. மெக்ளவுட்டே தனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்னு சொல்லிருக்கார், எனக்கும் அதுல சந்தேகமே இல்ல.

நேர் எதிர் 2019-ல வந்த நார்த் டெவன் லைட்ஹவுஸ் வீடு, கலங்கரை விளக்கம் மாதிரி புதுசா கட்டக் கிளம்பினது. 18 மாசம், 18 லட்சம் பவுண்டுன்னு ஆரம்பிச்சது, பல வருஷம் கழிச்சு கேமரா போறப்பவும் கடல் ஓரமா வெறும் கூடா நிக்குது, கடன் ஏறிருச்சு, குடும்பமும் பிரிஞ்சிருச்சு. அழுதுட்டேன். மெக்ளவுட் அந்த மனுஷன ஒரு வார்த்தை குத்திப் பேசல, அதே சமயம் பொய்யா தேத்தவும் இல்ல.

குறைன்னா, ஒவ்வொரு விளம்பரத்துக்கு அப்புறமும் நடந்ததையே திரும்பச் சொல்றாங்க, நேரம் தான் போகுது. செலவுக் கணக்கு பல எபிசோடுங்கள்ல கடைசி வரைக்கும் தெளிவா வராது. எனக்கு உண்மையிலேயே கோவம் வர்றது ஒரு விஷயத்துக்கு தான், அந்தச் சுவர எழுப்புற கொத்தனார், கல் செதுக்குறவர், தச்சர் இவங்க கைய காட்டுறாங்க, அவங்கள பேச விடுறது ரொம்பக் கம்மி. சுண்ணாம்பு கலக்குறப்ப பக்குவம் வந்தாச்சுன்னு எத வச்சுத் தெரிஞ்சுக்கிறீங்கன்னு அந்த ஆள்கிட்ட ஒரு நிமிஷம் கேட்டா எவ்ளோ நல்லா இருக்கும்.

புதுசா பாக்குறவங்க வாட்டர் டவர்ல ஆரம்பிங்க, அடுத்து பென் லா. லைட்ஹவுஸ கடைசியா வச்சுக்கோங்க, 2022-ல அதே இடத்துக்குத் திரும்பப் போன எபிசோடையும் சேர்த்து ஒரே மூச்சுல பாருங்க, முதல்ல வந்தத மட்டும் பாத்துட்டு படுத்தா தூக்கம் வராது.