ஒரே சொல்லில் தேறிய அகராதி

பழைய புத்தகக் கடையில் 450 ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கிய ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி. முதுகட்டை கழன்று தொங்கியது. எழுத்து பொடியோ பொடி; பூதக்கண்ணாடி இல்லாமல் எனக்கு ஆகாது.

எந்த அகராதி கைக்கு வந்தாலும் முதலில் 'ரேன்சம்' என்ற சொல்லைத்தான் புரட்டுவேன்; பிடித்து வைத்த ஆளை விடுவிக்கக் கேட்கும் பணம். செய்தி மொழிபெயர்ப்பில் இருபது வருஷமாக என்னைப் படுத்துகிற சொல் அது. 'பிணைத்தொகை' என்று எழுதினால் கோர்ட்டு ஜாமீன் நினைவுக்கு வரும். 'பணயத்தொகை'யில் சூதாட்ட வாசனை.

இந்த அகராதி தேறிவிட்டது. லத்தீனில் 'எமெரெ' என்றால் வாங்குதல், 'ரெதிமெரெ' என்றால் கொடுத்துத் திரும்ப வாங்குதல். அதிலிருந்து வந்த 'ரெதெம்ப்தியோ' பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து 'ரான்சோன்' ஆகி ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. தேயாமல் வந்த உருவம்தான் 'ரிடெம்ப்ஷன்'. கடத்தல்காரன் கேட்கும் பணமும் தேவாலயத்தில் சொல்லும் மீட்பும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! கடைசி 'ன்' எப்படி 'ம்' ஆனது என்பதற்கும் 'ரேண்டம்' என்ற சொல்லைப் பார்க்கச் சொல்கிறது; அதுவும் பிரெஞ்சில் 'ரான்டோன்'தானாம். நாம் மாசாமாசம் கட்டும் 'பிரீமிய'த்துக்குள்ளும் அதே 'எமெரெ' இருக்கிறது. அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன்.

குறை என்றால், கதையே கிடையாது. 1192-இல் வியன்னா அருகே பிடிபட்ட இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டுக்கு 1,50,000 மார்க் வெள்ளி கேட்டார்கள். குடிகளின் வருமானத்தில் கால் பங்கை வரியாகப் பிடுங்கினார்கள். 1356-இல் பிரெஞ்சு மன்னர் ஜான் ஆங்கிலேயரிடம் சிக்கினார்; அவரை மீட்கும் பணத்துக்காக 1360-இல் அடித்த தங்கக் காசுதான் முதல் 'பிராங்க்'. இதையெல்லாம் நான் வேறு இடங்களில் தேடித்தான் படித்தேன். இரண்டு வரி சேர்த்திருந்தால் புத்தகம் என்ன கனத்துவிடுமா?

ஆனாலும் என் சிக்கல் தீர்ந்தது. அடகு நகையை நாம் 'மீட்கிறோம்'. தமிழ் பைபிளிலும் இந்தச் சொல் வருமிடத்தில் 'மீட்கும்பொருள்' என்றே இருக்கிறது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு 'மீட்புப் பணம்' என்று எழுதுகிறேன்.

பழைய பதிப்பு, கம்ப்யூட்டரைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் 'ரேன்சம்வேர்' இருக்காது. பைண்டிங்குக்குத் தனியாக 150 ரூபாய் எடுத்து வையுங்கள்.