‘5000 லூமென்’ சைக்கிள் லைட்டுக்குத் தண்டம் அழாதீர்கள்

விடியற்காலை நாலரைக்குச் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) சைக்கிள் மிதிக்கும் குழுக்களில் கொஞ்ச நாளாக ஒரே லைட்டைப் பற்றித்தான் புலம்பல். ஆன்லைனில் 649 ரூபாய். டப்பாவில் ‘5000 லூமென், டி6 எல்ஈடி, 6 மணி நேரம், வாட்டர்ப்ரூஃப்’ என்று கொட்டை எழுத்து. லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு. பின்னால் மாட்ட ஒரு சிவப்பு லைட் இலவசம். திருவான்மியூரில் பளிச்சென்று எரிவது முட்டுக்காடு பாலம் வருவதற்குள் அழுதுவடிகிறது. விற்றவரிடம் கேட்டால், “ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தான் சார், பணம் திரும்பக் கிடையாது” என்கிறார். மாற்றி அனுப்புவதும் அதே சரக்குதான். இந்த ரக லைட் பத்துப் பெயர்களில் விற்பதால் பெயரைப் பார்த்துத் தப்பிக்க முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் தப்பிக்கலாம்.

அடியில் உள்ள ரப்பரை உரித்து நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் ஒரே ஒரு 18650 செல். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், பழைய லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கிற அதே சைஸ். உறையில் 4200 எம்ஏஎச் (செல்லின் கொள்ளளவு) என்று அச்சடித்திருக்கிறது. அங்கேயே பொய் தொடங்கிவிட்டது. கடையில் கிடைக்கிற நல்ல கம்பெனி 18650 செல்லே 3500 எம்ஏஎச் பக்கம்தான் நிற்கும். 9900 என்று போட்ட செல்களும் சந்தையில் உலவுகின்றன, அது வேறு கூத்து. நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் செல்லை வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாது. இது 31 கிராம்.

தராசு இல்லாவிட்டால் யூஎஸ்பி மீட்டர் போதும், சில நூறு ரூபாய்தான். லைட்டை வெளிச்சம் நன்றாக மங்கும்வரை எரியவிட்டு, மீட்டர் வழியாக முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள். இந்த மலிவு லைட்டுகளில் பெரும்பாலும் டிபி4056 என்ற சார்ஜிங் சிப்தான் இருக்கும். அது மின்னோட்டத்தை மாற்றாமல் அப்படியே செல்லுக்குள் விடுகிற ரகம் என்பதால், மீட்டர் காட்டும் எம்ஏஎச்தான் ஏறக்குறைய செல்லின் உண்மையான கொள்ளளவு. இந்த லைட்டில் மீட்டர் 1150-ஐத் தாண்டவில்லை.

இனி கணக்கு. 1150 எம்ஏஎச் என்பது 1.15 ஏஎச். அதை செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் நாலேகால் வாட்-அவர், அதாவது செல்லில் இருக்கிற மொத்த ஆற்றல். எல்ஈடி, லென்ஸ், சர்க்யூட் எல்லா இழப்பும் போக வாட்டுக்கு 100 லூமென் வெளியே வந்தாலே பெரிய விஷயம். 5000 லூமென் வேண்டுமென்றால் 50 வாட் இழுக்க வேண்டும். அதை 6 மணி நேரம் எரிக்க 300 வாட்-அவர், அதாவது முதல்தரமான 18650 செல்கள் 24. எடை ஒரு கிலோவுக்கு மேல். டப்பாவில் போட்டதைச் செய்ய அவ்வளவு தேவை, உள்ளே இருப்பதோ நல்ல செல்லில் மூன்றில் ஒரு பங்கு. நிஜத்தில் இது ஹை மோடில் 5 வாட் இழுத்து, ஆரம்பத்தில் அதிகபட்சம் 400 லூமென் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரத்தில் ஓய்ந்துவிடுகிறது. அந்த முக்கால் மணி நேரமும் ஒரே வெளிச்சம் என்று நினைக்காதீர்கள். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் இல்லை, ஒரு ரெசிஸ்டரை மட்டும் வைத்திருக்கிறார்கள். செல் 4.2 வோல்ட்டிலிருந்து இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். கண் அதற்குப் பழகிக்கொண்டே வருவதால், குழியில் விழுகிறவரை ஓட்டுபவருக்கு அது தெரியாது.

‘டி6’ என்பதும் ஏமாற்று. அது எல்ஈடியின் பெயரே அல்ல. க்ரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல் எல்ஈடியை வெளிச்ச அளவுப்படி தரம் பிரித்தபோது ஒரு தரத்துக்கு வைத்த குறியீடு: 700 மில்லி ஆம்பியரில் குறைந்தது 280 லூமென். அசலையே உச்சத்தில் 10 வாட் கொடுத்து எரித்தாலும் ஆயிரம் லூமென் பக்கம்தான் வரும். ஒற்றை எல்ஈடிக்கு மேல் 5000 என்று எழுதியிருந்தால் அடுத்த சரக்குக்குப் போய்விடலாம்.

இதைவிட ஆபத்து, வெளிச்சம் விழும் விதம். கைடார்ச்சின் உருண்டை ரிஃப்ளெக்டரை அப்படியே ஹேண்டில்பாரில் மாட்டிக் கொடுக்கிறார்கள். பாதி வெளிச்சம் புளியமரத்துக்குப் போகிறது, மீதியில் ஒரு பங்கு எதிரே வருகிற பைக் ஓட்டுபவர் கண்ணுக்குப் போகிறது. ஜூம் வைத்தது இன்னும் மோசம். இழுத்தால் சாலையில் சின்னச் சதுரம் மட்டும் தெரியும், பக்கத்துக் குழி தெரியாது. ஜெர்மனியில் சைக்கிள் லைட் விதி கறாரானது: கார் ஹெட்லைட் போல மேல்விளிம்பில் வெளிச்சம் வெட்டினாற்போல் நிற்க வேண்டும், மினுக்கும் மோடுக்கு அனுமதி இல்லை. அந்த விதிப்படி தேறியவற்றில் அலைக்கோட்டோடு ‘கே’ எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். அந்த வெட்டு உள்ள லைட்டில் உண்மையான 200 லூமென், உருண்டை வெளிச்சம் தரும் 400-ஐவிட சாலையை நன்றாகக் காட்டும்.

கையில் இருப்பது உருண்டை ரகம்தான் என்றால் சரியாகக் குனித்தாவது மாட்டுங்கள். சைக்கிளைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். லைட் தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்தில் இருந்தால், வெளிச்சத்தின் நடுப்புள்ளி சுவரில் 50 செ.மீ. உயரத்தில் விழ வேண்டும். அப்போதுதான் அது சாலையில் 10 மீட்டர் முன்னால் படும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 7 மீட்டர் ஓடுகிறோம். தெருவிளக்கு உள்ள ஊருக்குள் உண்மையான 100, 150 லூமென் தாராளம். விளக்கே இல்லாத ரோட்டில் இந்த வேகத்துக்கு 400 வேண்டும், அதுவும் பயணம் முடிகிறவரை.

ரப்பர் பட்டை மவுண்ட் 31.8 மி.மீ. பாருக்கு இறுக்கமாக நிற்கும். சாதா சைக்கிளின் 22.2 மி.மீ. பாரில் வேகத்தடை ஏறி இறங்கினாலே தலைகுனிந்துவிடும். பழைய ட்யூபில் ஒரு துண்டு வெட்டி அடியில் இரண்டு சுற்றுச் சுற்றினால் அந்தத் தொல்லை தீரும்.

இலவச சிவப்பு லைட்டைக் குப்பையில் போடலாம். வெள்ளை எல்ஈடிக்கு மேல் சிவப்பு பிளாஸ்டிக் மூடி. வெள்ளை எல்ஈடியின் ஒளியில் சிவப்பின் பங்கு கம்மி, மூடி மற்றதை விழுங்கிவிடுவதால் மங்கலான சிவப்புதான் மிஞ்சுகிறது. காசு குறைவென்றால் முன் லைட்டில் மிச்சம் பிடியுங்கள், பின் லைட்டில் பிடிக்காதீர்கள். சிவப்பு எல்ஈடியே வைத்ததாக வாங்குங்கள். சீட்போஸ்ட் பின்னால் சாய்ந்திருப்பதால், அதன் மேல் ஒட்டினாற்போல் கட்டிய லைட் தரையைத்தான் பார்க்கும். சாய்வைச் சரிக்கட்டும் கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள்.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற வெறும் சொல்லுக்கு மதிப்பில்லை, தண்ணீர் தாங்கும் தரத்தைச் சொல்லும் ஐபிஎக்ஸ் எண் வேண்டும். ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கத்துத் தெறிப்பையும் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம். இந்த லைட்டில் சார்ஜிங் ஓட்டையை மூடும் ரப்பர் நாக்குதான் முதலில் பிய்கிறது, பிறகு ஒரு ஐப்பசி மழை போதும். டைப்-சி என்று விற்றாலும், இரு முனையும் சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாமல் போகலாம். லைட் மாட்டியிருப்பதை சார்ஜருக்குக் காட்டும் 5.1 கிலோ-ஓம் ரெசிஸ்டர் இரண்டை மிச்சம் பிடித்ததன் விளைவு அது. பழைய ஏ-டு-சி கேபிளில் ஏறும்.

செல் அளவுக்கு மீறி இறங்குவதை (ஓவர்டிஸ்சார்ஜ்) தடுக்கும் சர்க்யூட்டும் பல மலிவு லைட்டுகளில் இருப்பதில்லை. அதனால் முழுக்க இறங்கவிடாதீர்கள், ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். செல் உப்பினாலோ கசிந்தாலோ அதோடு நிறுத்துங்கள்.

வாங்கும்போது லூமென் எண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு மோடும் எத்தனை மணி நேரம் என்று தனித்தனியே போட்டிருக்கிறதா பாருங்கள். கேட்ஐ, லெசைன் போன்ற கம்பெனிகள் அப்படித்தான் போடுகின்றன. ‘6 மணி நேரம்’ என்று மொட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் மினுக்கும் மோடுக்கான நேரம். ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற டார்ச் லைட் தர முறையில் அளந்த நேரம்கூட, வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எண்ணியது. லித்தியம் செல்லுக்கு இந்தியாவில் ஐஎஸ் 16046 தரப்பதிவு கட்டாயம். ‘ஆர்-’ என்று தொடங்கும் 8 இலக்க எண் இருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் ஆப்பில் சரிபார்க்கலாம். டப்பாவில் இறக்குமதியாளர் முகவரியும் எம்ஆர்பியும் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ‘ரீப்ளேஸ்மென்ட் மட்டும்’ என்ற பதிலை நம்பி உட்கார வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020-இன்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலில் அவருக்கு எழுதுங்கள், நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். ‘லைட் சரியில்லை’ என்று எழுதினால் வேலைக்காகாது. 5000 லூமென், 6 மணி நேரம் என்று சொல்லும் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், யூஎஸ்பி மீட்டரின் படம், ஹை மோடில் கடிகாரத்தை அருகே வைத்து எடுத்த வீடியோ ஆகியவற்றை இணையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்துவிடுங்கள், புகார் போனதும் அந்தப் பக்கத்தில் எண்கள் மாறிவிடும்.