ஓடுகயிறா, நிலைக்கயிறா? மரம் ஏறிப் பிழைப்பவர்களின் பழைய வழக்கு

உயரமான மரங்களில் தொங்கிக்கொண்டு கிளை கழிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே கயிற்றுக்கு வந்துவிடும். ஒருவர் ஓடுகயிறு கட்சி, இன்னொருவர் நிலைக்கயிறு கட்சி. இரண்டிலும் வேலை செய்பவர்கள்கூட மனசுக்குள் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருப்பார்கள். நான் எந்தப் பக்கம் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

ஓடுகயிற்றில், மேலே ஒரு கவையைத் தாண்டிக் கயிறு இரட்டையாக இறங்கும். ஒரு முனை இடுப்பில் மாட்டிய ஹார்னஸ் என்ற பாதுகாப்புக் கச்சையில் கட்டியிருக்கும். எதிர்ப்பக்கம் இறங்கும் கயிற்றை ஓர் உராய்வு முடிச்சு பிடித்திருக்கும். அந்த முடிச்சும் அதே ஹார்னஸில்தான். நாம் ஏற ஏறக் கயிறு கவையின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். நிலைக்கயிற்றில் கயிறு அசையாது. ஒரு முனையை உச்சியிலோ, கவையைத் தாண்டி மறுபக்கம் இறக்கி மரத்தின் அடியிலோ கட்டிவிட்டு, தொங்கும் ஒற்றைக் கயிற்றில் நாம் ஏறுவோம். முன்னதில் கவையும் நாமும் சேர்ந்து ஒரு கப்பி மாதிரி. பின்னதில் கயிறே ஏணி.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லாமே வருகின்றன. ஓடுகயிற்றில் ஒரு மீட்டர் உயர இரண்டு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். பதிலுக்குக் கைக்கு வரும் பாரம் ஏறத்தாழ பாதி, கவையின் உராய்வு தனிக்கணக்கு. இருபது மீட்டர் ஏறினால் நாற்பது மீட்டர் கயிறு கைவழியே போயிருக்கும். தோளும் முழங்கையும்தான் அதற்கு விலை கொடுக்கும். நிலைக்கயிற்றில் முழு எடையும் நம்முடையது. ஆனால் ஒரு பாதத்தில் கயிற்றைப் பற்றிக்கொள்ளும் ஒரு பிடிப்பான், மறுகாலின் முட்டிப் பக்கம் இன்னொன்று மாட்டிக்கொண்டால் படிக்கட்டு ஏறுவது போலக் காலாலேயே ஏறிவிடலாம். முதல் கிளையே பதினைந்து மீட்டருக்கு மேல் இருக்கும் நெடுமரத்தில் இரண்டு பேரை ஒரே நேரத்தில் ஏறவிட்டுப் பாருங்கள். நிலைக்கயிற்றுக்காரர் உச்சியில் மூச்சு வாங்காமல் நிற்பார். மற்றவர் கைகளை உதறிக்கொண்டு வந்து சேருவார்.

சரி, அப்படியானால் ஏன் எல்லோரும் எப்போதோ நிலைக்கயிற்றுக்கு மாறவில்லை? முடிச்சுதான் காரணம். ஓடுகயிற்றில் உராய்வு முடிச்சின் மேல் விழுவது பாதி எடை. பிளேக் முடிச்சாகட்டும், பின்னிப் போடும் வகைகளாகட்டும், அந்தப் பாரத்தில் விரலால் தட்டினால் இளகும், விட்டால் பிடிக்கும். ஒற்றைக் கயிற்றில் முழு எடையும் அதே முடிச்சின் மேல் விழும்போது அது இறுகிக்கொள்ளும். வலிந்து இளக்கினால் திடீரென்று வழுக்கும், சூடேறும். அதனால் பல காலம் ஒற்றைக் கயிற்றில் ஏறுவார்கள், உச்சியில் ஓடுகயிற்றுக்கு மாறி வேலை பார்ப்பார்கள். அந்த மாற்றும் நேரமே ஒரு தனி அபாயம். 2010-ஐ ஒட்டி கெவின் பிங்காம் உருவாக்கிய ரோப் ரெஞ்ச் இதைத் தீர்த்தது. முடிச்சுக்குச் சற்று மேலே அமர்ந்து கயிற்றை லேசாக வளைக்கும் சின்ன உலோகத் துண்டு, அவ்வளவுதான். பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்வதால் முடிச்சு மறுபடி சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு ஏறுவது, வேலை, இறங்குவது மூன்றும் ஒரே ஒற்றைக் கயிற்றில் நடக்கத் தொடங்கின. முடிச்சே இல்லாத இயந்திரக் கருவிகளும் வரிசையாக வந்தன.

கயிறு போடும் கட்டத்தில் நிலைக்கயிறு நிறைய நேரம் மிச்சப்படுத்தும். முந்நூறு, நானூறு கிராம் எடையுள்ள சின்னப் பையை மெல்லிய எறிகயிற்றில் கட்டி மேலே வீசுவோம். அடர்ந்த மரத்தில் அது நினைத்த கவையில் விழாது, மூன்று கொப்புகளைத் தாண்டித் தொங்கும். ஓடுகயிறு என்றால் அது ஒரே கவையில் மட்டும் தனியாக அமர வேண்டும், இல்லாவிட்டால் ஓடவே ஓடாது. பையை மெல்ல இறக்கி, ஆட்டி, சுண்டி, இன்னொரு எறிகயிறு போட்டு அதைப் பிரித்தெடுக்கும்போதே காலை வெயில் ஏறிவிடும். அடியில் கட்டும் நிலைக்கயிற்றுக்கு அந்தக் கவலை இல்லை. மூன்று கொப்புகள் மேல் கிடந்தால் கிடக்கட்டும், பாரமும் அவற்றுக்குள் பகிர்ந்துகொள்ளும்.

ஆனால் இங்கேதான் பலர் கணக்கில் கோட்டை விடுகிறார்கள். கயிற்றை உச்சிக் கவையில் போட்டு மறுமுனையை அடிமரத்தில் கட்டினால், நம் எடைக்கு நிகரான இழுவிசை அந்த மறுபக்கக் கயிற்றிலும் இருக்கும். கருவிகளோடு நூறு கிலோ இருக்கும் ஒருவர் தொங்கினால் கவையின் மேல் இருநூறு கிலோ வரை விழும். உராய்வால் கொஞ்சம் குறையலாம், ஏறும்போது குலுங்கினால் கூடும். ஓடுகயிற்றில் அதே ஆளுக்கு அது நூறுதான். ஆகவே உள்ளே உளுத்த கிளை, பூஞ்சைக் குடை முளைத்த அடிமரம், முன்பு கிழிந்து ஆறிய கவை இவற்றையெல்லாம் தரையிலிருந்தே தொலைநோக்கியால் பார்த்துவிட வேண்டும். ஏறுமுன் இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கிப் பார்ப்பதும் அதற்காகத்தான். கயிறு போகும் திசையையும் கவனியுங்கள். இரண்டு பக்கமும் தண்டை ஒட்டி இறங்கினால் கவை கீழ்நோக்கி அமுக்கப்படும். ஒரு பக்கம் விலகிப் போனால் கவை பக்கவாட்டில் இழுபடும், மரம் அதற்குத் தயாராக இருப்பதில்லை.

இவ்வளவும் ஏறுவதைப் பற்றி. கருவி விமர்சனங்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன, எனக்கு அதில்தான் குறை. ஏறுவது சில நிமிட வேலை. மிச்ச நேரமெல்லாம் மேலே, கிளையிலிருந்து கிளைக்கு.

மேலே போனதும் ஓடுகயிறு தன் மதிப்பைக் காட்டும். பரந்து விரிந்த மரத்தின் நீண்ட பக்கக் கிளையில் நுனியை நோக்கி நடக்கிறோம். பாதத்துக்கடியில் கிளை மெலிந்துகொண்டே போகும். கயிறு பின்னாலிருந்து சாய்வாகப் பிடித்திருக்க, ஒரு விரலால் முடிச்சைத் தட்டித் தட்டி அங்குலம் அங்குலமாகக் கயிறு விடுவோம். திரும்பி வரும்போது அந்தப் பாதி எடைக் கணக்கு கை கொடுக்கும். இழுக்க இழுக்கத் தண்டு நம்மிடம் வரும். நிலைக்கயிற்றில் அதே கிளையிலிருந்து திரும்புவது முழு எடையில். காலுக்கு ஊன்ற இடமில்லாத சரிவில் கைகள் கெஞ்சும். கப்பி ஒன்றை இடையில் சேர்த்துச் சமாளிக்கலாம், ஆனால் அது கூடுதல் வேலை.

இன்னொன்று, துள்ளல். இருபது மீட்டர் உயரத்தில் போட்டு அடியில் கட்டினால் பாரம் தாங்கும் கயிறு மொத்தம் நாற்பது மீட்டர். அது இரண்டு சதவீதம் நீண்டாலே எண்பது சென்டிமீட்டர். ஏறத் தொடங்கும்போது தெரியும் அந்தத் துள்ளல் மேலே போகப் போகக் குறையும் என்றாலும், அறுவைக் கோட்டில் ரம்பத்தை நிறுத்தும்போது மெல்லிய அசைவுகூட எரிச்சல்தான். நிலைக்கயிற்றுக்கு நீட்சி குறைந்த கயிறாகப் பார்த்து வாங்குவது இதனால்தான். ஐரோப்பியத் தரமான இ.என். 1891-இல் ஏ வகைக் கயிற்றுக்கு நீட்சி ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கயிற்றைத் திசை திருப்புவதில் நிலை தலைகீழ். ஓடுகயிற்றை இன்னொரு கவை வழியே திருப்பினால் அங்கேயும் உராய்வு சேரும், இரண்டாவது திருப்பத்தில் இழுக்கவே முடியாது. நிலைக்கயிறு ஓடுவதே இல்லை, எத்தனை முறை திருப்பினாலும் கவலை இல்லை.

மரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஓடும் கயிறு மெல்லிய பட்டையுள்ள மரத்தில் ரம்பம் போலவே வேலை செய்யும். பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசுவை ஒரு நாளிலேயே காயப்படுத்திவிடும். இரண்டு முனையிலும் வளையம் வைத்த நாடாவைக் கவையில் மாட்டி அதன் வழியே கயிறு ஓடச் செய்தால் மரமும் பிழைக்கும், கயிறும் பிழைக்கும். உராய்வும் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்கும். காய்ந்த பட்டையில் ஒரு மாதிரி, மழையில் நனைந்த பட்டையில் வேறு மாதிரி என்ற தொல்லை இல்லை.

முடிச்சா, உலோகக் கருவியா என்பது இதற்குள் ஒரு கிளைச் சண்டை. முடிச்சுக் கயிறு மலிவு, தேய்ந்தால் தூக்கி எறிந்துவிடலாம், பழுது கண்ணுக்குத் தெரியும். அதன் எதிரி வெப்பம். நைலான் 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும், பாலியெஸ்டர் 250-ஐத் தாண்டி. வேகமாக இறங்கினால் முடிச்சின் உட்புறம் கண்ணாடி போல மினுங்கத் தொடங்கும். தடவிப் பார்த்தால் விறைப்பாக இருக்கும். அந்தத் துண்டின் கதை முடிந்தது என்று அர்த்தம். உருகாத அராமிட் இழை கலந்த கயிறுகளை முடிச்சுக்கு விரும்புவது இதனால்தான். உலோகக் கருவி காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி இளகும், விரலுக்குச் சுகம். ஆனால் குறிப்பிட்ட பருமனுள்ள கயிற்றில்தான் ஒழுங்காகப் பிடிக்கும், பிசினும் மண்ணும் சேர்ந்தால் முரண்டு பிடிக்கும், விலையும் பல மடங்கு. முதல் கருவியாக அதை வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். முடிச்சின் குணம் கைக்குப் படியாமல் கருவியின் குணம் படியாது.

எந்த முறையானாலும் செயின்சாவைக் கையில் எடுத்தால் இரண்டாவது பிடிப்பாக, ஹார்னஸில் மாட்டிய லேன்யார்டு என்ற குட்டைக் கயிறு மரத்தைச் சுற்றி இருக்க வேண்டும். உள்ளே எஃகு வடம் ஓடும் லேன்யார்டு என்பதற்காக அதை ரம்பத்தால் அறுக்க முடியாது என்று நம்பிவிடாதீர்கள். அது சற்றுத் தாமதிக்கும், அவ்வளவே.

என் சாய்வு நிலைக்கயிறு பக்கம்தான், முதல் கிளை உயரத்தில் இருக்கும் மரமென்றால் யோசிக்கவே மாட்டேன். தாழ்ந்து விரிந்த மரத்துக்கு ஓடுகயிறு போதும், பல நேரம் அதுவே மேல். புதிதாகக் கற்பவர் முடிச்சோடு ஓடுகயிற்றில் தொடங்கட்டும். தோள் தேய்ந்துபோன பழைய ஆட்கள் நிலைக்கயிற்றுக்கு வந்தால் இன்னும் சில வருடம் தொழிலில் இருக்கலாம். ஆனால் முட்டியில் ஏற்கெனவே கோளாறு என்றால் அதுவும் உதவாது.

அப்புறம் மீட்பு. நிலைக்கயிற்றை அடிமரத்தில் கட்டும் அடிக்கட்டில் வெறும் முடிச்சுக்குப் பதிலாக இறக்கும் கருவி ஒன்றைப் பூட்டி, போதுமான மிச்சக் கயிறும் விட்டிருந்தால், மேலே ஒருவர் மயங்கினாலும் யாரும் ஏறாமல் தரையிலிருந்தே இறக்கிவிடலாம். அவருடைய லேன்யார்டு தண்டைச் சுற்றிப் பூட்டியிருந்தால் மட்டும் நடக்காது, ஒருவர் ஏறித்தான் ஆக வேண்டும். ஓடுகயிற்றில் இந்த வசதியே கிடையாது. இரண்டாவது கயிறும் இரண்டாவது ஆளும் தயாராக இருக்க வேண்டும்.

அதே அடிக்கட்டுதான் நிலைக்கயிற்றின் பெரிய பலவீனமும். உயிர் தாங்கும் கயிறு தரைமட்டத்தில் நிற்கிறது; விழும் கட்டை அதன் மேல் விழலாம், கீழே கிளை துண்டாக்குபவரின் செயின்சா அதை உரசலாம். அதைச் சுற்றி யாரும் வரக் கூடாத எல்லை போட்டு, கண்ணில் படும் நிறத்தில் துணி கட்டி, கீழே இருக்கும் ஒவ்வொருவருக்கும் காட்டிக் கொடுத்த பிறகே ஏற வேண்டும். கீழே நிற்பவர் வேலைக்குப் புதியவர் என்றால் அன்றைக்கு அடிக்கட்டு வேண்டாம். கயிற்றை உச்சியிலேயே சுருக்கிட்டுக் கட்டுங்கள், அல்லது ஓடுகயிற்றில் போங்கள்.