பழைய பேக்கிங்கை ஏன் தூக்கிப் போட்டீர்கள்? – எஞ்சின் வேலைக்குப் பின் 14 மாதம்

ஏற்காடு மலையில், நாகலூரில் காபித் தோட்டம் வைத்திருக்கும் மச்சான் போன வாரம் கேட்டான்: "உன் ஜீப்புக்கு எஞ்சினை இறக்கி வேலை பார்த்தியே, என்னுதுக்கும் பார்த்துடலாமா?" போனில் ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

சிலிண்டருக்குப் போர் அடித்து (உட்சுவரைக் கடைந்து), பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றியது. அந்த வேலையில் குறையே இல்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவையும் மூட்டைகளோடு முக்காமல் ஏறுகிறது. ஆயில் குடிப்பதில்லை. மார்கழிக் குளிரிலும் சாவியைத் திருப்பினதும் பிடித்துக்கொள்கிறது.

ஆனால் முதல் ஐந்து மாதம் தண்ணீர் குடித்தது. மலை ஏறி ஒண்டிக்கடையில் நிறுத்தினால் ரேடியேட்டர் தண்ணீரின் ரிசர்வ் டேங்க் பொங்கும். ஆறியதும் பார்த்தால் ரேடியேட்டரில் அரை லிட்டர் குறையும். கீழே ஒரு சொட்டு இல்லை. ஆயில் பால் நிறமாகவில்லை, அதாவது தண்ணீர் ஆயிலிலும் கலக்கவில்லை. அஸ்தம்பட்டி, கொண்டலாம்பட்டி என்று சேலம் ஊருக்குள்ளேயே ஓட்டினால் ஒன்றும் ஆகாது.

"ஏர் லாக்குங்க, ஓட ஓட சரியாயிடும்" என்றார் மெக்கானிக். புதிதாக மாட்டிய எஞ்சினில் காற்று அடைத்துக்கொள்வது உண்மைதான். ஆனால் இரண்டு மூன்று முறை சூடாகி ஆறினால் அது போய்விட வேண்டும். பிறகு ரேடியேட்டர் மூடியைச் சந்தேகித்தோம். அதிலும் நியாயம் உண்டு: 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், மூடி அழுத்தம் பிடித்தால்தான் தாங்கும். மூடியை மாற்றினோம். தண்ணீர் குறைவது நிற்கவில்லை.

சிலிண்டர் புகை தண்ணீருக்குள் கசிகிறதா என்று பார்க்கும் நீலத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்த்தார்கள். டீசல் வண்டியில் புகை கலந்தால் அது பச்சையாக வேண்டும். நீலமாகவே இருந்தது. பட்டறையில் ஐடிலிங்கில், பாரமே இல்லாமல் பார்த்தால் வேறென்ன தெரியும்? அந்தத் திரவம் கண்டுபிடிப்பது கரியமில வாயுவைத்தான்; டீசல் எஞ்சின் ஐடிலிங்கில் விடும் புகையில் அது ரொம்பக் குறைவு.

எனக்கு உறுதியானது ஒரு காலையில். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, எஞ்சின் சில்லென்று இருக்கிறது, ரேடியேட்டரின் மேல் ஓஸ் மட்டும் கல்லு மாதிரி. வெறும் சூட்டால் வந்த அழுத்தம் என்றால் ஆறும்போதே இறங்கியிருக்கும். சிலிண்டரிலிருந்து வாயு தண்ணீருக்குள் புகுந்திருக்கிறது.

சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, அதன் அடியில் கசிவை அடைக்கும் தகடான பேக்கிங்கைப் புதிதாகப் போட்டார்கள். பழையது எங்கே என்றேன். "குப்பைல போட்டாச்சுண்ணா." 14 மாதம் ஆகியும் எனக்கு ஆறாதது இதுதான். நடந்த கதை முழுக்க அந்தத் தகட்டில்தான் இருக்கும். பேக்கிங் போயிருந்தால் சிலிண்டர் வளையத்திலிருந்து தண்ணீர் ஓட்டை வரைக்கும் கறுப்புத் தடம் இருந்தே தீரும். தடம் இல்லையென்றால் குற்றவாளி வேறு. அதை யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

பத்து நாளில் மறுபடி அதே பொங்கல். இந்த முறை மெக்கானிக்கையும் மலைக்குக் கூட்டிப் போனேன். மேலே போய், எஞ்சின் ஓடும்போதே ரிசர்வ் டேங்கில் குமிழி வருவதைக் காட்டினேன். பழைய மாடல் பம்ப் என்பதால் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, அந்தந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாமல் செய்து பார்த்தார். மூன்றாவதைத் தளர்த்தியதும் குமிழி குறைந்தது.

இரண்டாம் முறை கழற்றியபோது பேக்கிங்கை நானே வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். சுத்தமாக இருந்தது. ஸ்கேல் வைத்து, ஃபீலர் கேஜை நுழைத்து ஹெட் மட்டத்தைப் பார்த்தோம், 0.05 மில்லிமீட்டர் தகடுகூடப் போகவில்லை, ஹெட் வளையவில்லை. அதன் பிறகுதான் ஹெட் லேத் பட்டறைக்குப் போனது. வெந்நீரில் முக்கிக் காற்று ஏற்றினார்கள். மூன்றாவது சிலிண்டரின் இரண்டு வால்வுக்கும் நடுவே இருந்த மயிரிழைக் கீறலில் முத்து முத்தாகக் குமிழி. அந்த இடத்துக் கீறல் டீசல் ஹெட்டுகளில் சகஜம், எல்லாம் ஒழுகாது. இது சூடேறினால் மட்டும் வாய் திறந்தது.

ஹெட்டை மாற்றி, போல்ட் ஓட்டைகளில் ஆயில் தேங்காமல் காற்றடித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக டார்க் ரெஞ்சில் மூன்று சுற்று முறுக்கினார்கள். அன்றிலிருந்து ஒரு விரற்கடைகூடத் தண்ணீர் குறையவில்லை. அதே மெக்கானிக்தான். கைவேலை அவ்வளவு சுத்தம். ஆனாலும் இனி என் வண்டியை அவரிடம் விடமாட்டேன்.

மச்சான், உன் வண்டியை வித்துடு. இல்லை, வேலைதான் பார்ப்பேன் என்றால், போர் அடிக்கக் கொடுக்கும் அன்றைக்கே ஹெட்டையும் வெந்நீர் டெஸ்டுக்கு அனுப்பு. பழைய பேக்கிங்கைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்து வா, சேர்ந்து பார்ப்போம்.